பாரக்கோடு

யிச்சாங் அணைக்கு மேலே
வரிசையில் நாற்பத்தாறாவது படகு எங்களுடையது.
நான்கு நாளாக அதே எண்.
உள்ளே இரண்டாயிரம் டன் ஜல்லி,
விலாவில் வெள்ளைச் சாயத்தில் பாரக்கோடு,
அதை நக்கியபடி நதி.

எஞ்சினை அணைத்துவிட்டால்
எண்ணெய் போடுகிறவனுக்கு என்ன வேலை?
கைபேசியில் ஒரு வாள்வீரனை வளர்க்கிறேன்.

கருங்குன்றுச் சுரங்கத்தில்
மூன்று மாதம் குரங்குப் பேய்களை வெட்டி
அறுநூறு கட்டி இரும்பு சேர்த்தேன்.
மார்க்கவசத்துக்கு இருநூற்றெண்பது.
தோள்தகடு ஜோடிக்கு இருநூறு.
மிச்சத்தில் கால்காப்பு.
போட்டுப் பார்த்தேன்.
திரையில் ஓர் அடுப்பு நின்றது,
வாள் பிடித்த அடுப்பு.

"தற்காப்பு நானூற்றுப் பன்னிரண்டு" என்றேன் சமையல்காரியிடம்.
மியாவ் சூச்சின் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள்.
"எடை?" என்றாள்.
எடையை யார் பார்க்கிறார்கள்.

அவளும் ஆடுகிறாள், அரிசி கொதிக்கும் நேரத்தில் மட்டும்.
என்னைவிடப் பதினொரு நிலை கீழே.
மூங்கில் தொப்பி, வைக்கோல் செருப்பு,
பயிற்சிக்கூடத்தில் முதல் நாள் சும்மா கொடுக்கிற கோல்.
கிடைக்கிற மெருகுக்கல்லை எல்லாம்
செருப்புக்கே போடுகிறாள்.
ஒன்பதாம் படி வைக்கோல் செருப்பு!
வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.
நான் சிரித்தேன்.

மார்க்கவசத்தை ஆறிலிருந்து ஏழாக்கப் பட்டறைக்குப் போனேன்.
வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்தெட்டு.
முதல் அடி, பொறி.
இரண்டாவது, பொறி.
மூன்றாவதில் ஒரு சத்தம்,
சட்டி விளிம்பில் முட்டை உடைகிற மாதிரி.
ஏழு போகட்டும்,
ஆறும் போய் நான்கில் நின்றது.

மீட்பதற்கு முந்நூறு யுவான் போட்டேன்.
வூஹானில் பூட்ஸ் வாங்க வைத்திருந்த பணம்.
இடது பூட்ஸ் வாய் பிளந்து ஒரு மாதமாகிறது,
செப்புக்கம்பியால் தைத்திருக்கிறேன்,
நடந்தால் டீசல் குடிக்கிறது.

பட்டறைக்காரனைக் குறை சொல்ல முடியாது,
எட்டாம் படியே தந்தான்.
தற்காப்பு ஐந்நூற்று நாற்பது.
படகின் மூக்கில் நின்று
ஒரு சிகரெட் பிடித்தேன், தளபதி கணக்காக.

அன்றிரவு வெள்ளிக்குளம்.
அக்கரை மடத்திலிருக்கும் கடிதத்தை
விடிவதற்குள் எடுக்க வேண்டும்.
பாலம் இல்லை. தோணி இல்லை.
தண்ணீர்மேல் ஓடித்தான் போக வேண்டும்.

சூச்சின் ஓடினாள்.
செருப்பு பட்ட இடத்தில் தட்டளவு ஒரு வளையம்,
அது விரிவதற்குள் அடுத்தது,
அடுத்தது.
தூங்கின வாத்து ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.

நான் மூன்று எட்டு வைத்தேன்.
நான்காவது எட்டு குளத்தின் அடியில்.
எட்டாம் படிக் கவசம்
மீன்களிடமிருந்து என்னை முழுமையாகக் காத்தது.
பதினேழு முறை.

ஒலிபெருக்கி கத்திற்று:
நாற்பத்தாறு, நீர்ப்பூட்டுக்கு வா.
கைபேசியை அவள் மடியில் போட்டுவிட்டு
கம்பி கட்டின காலோடு இறங்கி ஓடினேன்.

பின்னால் கதவு மூடியது.
தொட்டி தொட்டியாகத் தண்ணீர் வடிந்தது.
சுவர்ப் பாசி எங்களைத் தாண்டி மேலே போயிற்று.
இரண்டாயிரம் டன்,
ஒரு சத்தமில்லாமல் கீழே.

கை துடைத்துக்கொண்டு மேலே வந்தால்
முள்ளங்கித் தோலுக்குப் பக்கத்தில் கைபேசி.
என் வீரன் அக்கரையில் நிற்கிறான்.
கோவணம், வாள், கையில் கடிதம்.
முழங்கால்கூட நனையவில்லை.

"எல்லாத்தையும் கழட்டினா ஓடுறான்" என்றாள்
சோற்றைக் கிளறியபடி.
"கவசம் இக்கரையிலதான் கிடக்கு.
யாரும் தூக்க மாட்டாங்க, அந்த எடைக்கு."

பதில் யோசிப்பதற்குள் திரை மின்னிற்று.
பணி முடிந்தது.
பரிசு: மடத்துக் காவலரின் வெண்கல மார்க்கவசம், ஒன்று.
அணிகிறாயா?

ஈரச் சாக்ஸுக்குள் விரல்கள் குளிர்ந்தன.
பொய் சொல்வானேன்,
தற்காப்பு எவ்வளவு என்றுதான்
முதலில் பார்த்தேன்.